சாவியைத் திருப்பினால் சத்தமா? எந்த நொடியில் வருகிறது என்று முதலில் பாருங்கள்

"ஏனுங்ணா, காலைல வண்டிய எடுத்தா கடகடன்னு ஒரு சத்தம் வருதுங்." பட்டறைக்குப் போன் செய்கிற கார்க்காரர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். கடகட என்பது பேட்டரி வீக்காக இருக்கலாம், இன்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினாக இருக்கலாம், சைலன்சர் குழாய் மேல் மூடியிருக்கும் தகடு கழன்றதாகவும் இருக்கலாம். முதலாவது பத்து நிமிட வேலை. இரண்டாவதற்கு இன்ஜினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு கிளாம்ப் போதும். அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எப்போது வருகிறது என்றுதான் நான் கேட்பேன்.

சாவியை ஆன் வரைக்கும் திருப்பி மீட்டர் விளக்குகள் எரிகிற நேரம் ஒன்று. செல்ஃப் அடிக்கிற ஓரிரு நொடி இன்னொன்று. இன்ஜின் பிடித்த முதல் சில நொடிகள், அப்புறம் ஓடிக்கொண்டே இருக்கும் நேரம். இந்த நாலில் எதில் சத்தம் வருகிறது என்று தெரிந்துவிட்டாலே பாதிக் காரணங்கள் விலகிவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கையும் கிளட்ச்சையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் செல்ஃப் அடிக்காமல் ஆன் மட்டும் வரும்.

இதை ஒற்றை ஆளாகப் பார்ப்பது கஷ்டம். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று கேட்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டையும் துப்பட்டாவையும் கழற்றி வைத்துவிட்டு நில்லுங்கள். பெல்ட் சுற்றும் இடம் அது.

செல்ஃப் அடிக்கும் முன்பே சத்தம்

பெட்ரோல் வண்டியில் சாவி ஆனில் நின்றதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி "ஊஊ" என்று மெல்லிய ஒலி வந்து நிற்கும். அது பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம், கவலை வேண்டாம். அதே ஒலி முன்பைவிட உரக்க, முனகலாக வந்தால் பம்ப் தேய்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய ஓட்டுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிரவைக்கிறது.

டேஷ்போர்டுக்குள்ளிருந்து "தரதர" என்று வந்தால் இன்ஜினையே பார்க்க வேண்டாம். ஏ.சி. புளோயர் முந்தின நாள் ஆனிலேயே விடப்பட்டிருக்கும், அதற்குள் ஏதோ சிக்கியிருக்கும். புளோயர் ஸ்விட்சை அணைத்தால் சத்தம் நின்றுவிடும். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் தோப்புக்குள் நிற்கிற வண்டிகளில் எலி தேங்காய் நாரைக் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும். வேப்பமரத்தடி வண்டியில் சருகு, விசைத்தறிக் கூடத்தை ஒட்டி நிற்பதில் பஞ்சுத் தூசி. கேபின் ஃபில்டரைக் கழற்றினால் பாதி கையோடு வந்துவிடும். எலி வந்த வண்டியில் ஒயரையும் கடித்திருக்கும் என்பதால் அங்கேயே நின்றுவிடாமல் பானெட்டுக்குள்ளும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

"டக்டக்டக்டக்" என்று வேகமாக, இன்ஜின் சுற்றவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பயப்படத் தேவையில்லாததும் இதுதான்.

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சாலினாய்டு என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினதும் அது இழுத்துக்கொண்டு பேட்டரியின் முழுக் கரண்டையும் மோட்டாருக்கு விடும். அந்த நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும், டீசலில் இன்னும் அதிகம். பேட்டரியில் தெம்பில்லை என்றால் வோல்டேஜ் சரிந்து சாலினாய்டு விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும், மறுபடி விடும். அந்த இழுபறிதான் டக்டக்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விளக்கு செத்துப்போனது மாதிரி மங்கினால் பேட்டரியோ அதன் இணைப்போ காரணம். உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேலைதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, அப்புறம் பாசிட்டிவைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து மாட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே கொஞ்சம் வாசலின்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைய சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. ஆனால் நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். சார்ஜ் நிறைய இருந்தும் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி உள்ளே கெட்டுவிட்டது. ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12லேயே நின்றால் டைனமோ சார்ஜ் போடவில்லை, புது பேட்டரி வாங்கினாலும் நாலு நாளில் அதுவும் படுத்துவிடும். பழைய பேட்டரியைக் கொடுத்துப் புதிது வாங்கி, ஒரே வாரத்தில் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமல் விட்டவர்கள்.

நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு மூன்று, நான்கு வருஷம்தான் ஆயுள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கிற வண்டி என்றால் அதைவிடக் குறைவு. ஆடி முழுக்கப் போர்ட்டிகோவில் நின்றுவிட்டு ஆவணி முகூர்த்தத்தன்று காலையில் டக்டக் என்கிற வண்டிகளை வருஷா வருஷம் பார்க்கலாம்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவதென்றால் பாசிட்டிவிலிருந்து பாசிட்டிவுக்கு முதலில். நல்ல வண்டியின் நெகட்டிவில் மாட்டிய கேபிளின் மறுமுனையைப் படுத்த பேட்டரியின் மேல் வைக்காமல், இன்ஜினின் வெறும் இரும்பில் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டிக்கு மட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை எவ்வளவு தள்ளினாலும் உங்களுக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

ஒரே ஒரு "டக்", அப்புறம் மௌனம்

ஹெட்லைட் பிரகாசமாகவே எரிகிறது, ஆனால் ஒரு டக்கோடு நின்றுவிடுகிறது என்றால் பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் மோட்டார் பக்கம் வாருங்கள். சாலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் சுத்தியலின் மரக் கைப்பிடியால் மோட்டார் உடம்பை லேசாகத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். எடுத்தால் பெரும்பாலும் பிரஷ் முடிந்துவிட்டது என்று அர்த்தம். லேசாக என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். இப்போதைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே காந்தம் ஒட்டியிருக்கும், ஓங்கி அடித்தால் அது உடைந்து புது மோட்டார் வாங்க வைக்கும்.

கழற்றுவதற்கு முன் எர்த் ஒயரையும் பார்த்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைத் தேய்த்து மாட்டினாலே போதும். மோட்டாரை மாற்றியும் தீராத வண்டியில் இந்த ஒரு போல்ட்தான் குற்றவாளியாக நிற்கும்.

மோட்டாருக்குத்தான் வேலை என்று ஆனால், பிரஷ், புஷ், பெண்டிக்ஸ் (மோட்டார் நுனியின் பல்சக்கரத் தொகுதி) மாற்றி ஓட்டலாமா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேளுங்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை தெருவுக்குத் தெரு இருக்கிற பகுதி நம்முடையது என்பதற்காக அங்கே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அது வேறு வேலை, இது வேறு வேலை.

"கர்ர்ர்ர்" என்று பல் கூச வைக்கும் அரைப்பு

செல்ஃப் மோட்டாரின் நுனியில் சின்னப் பல்சக்கரம் ஒன்று உண்டு. அது முன்னால் பாய்ந்து, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய பல் வளையத்தைக் கடித்து இன்ஜினைச் சுற்றுகிறது. கடி சரியாக விழாவிட்டால் இந்தச் சத்தம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் மறந்துபோய்ச் சாவியைத் திருப்பினாலும் இதே சத்தம்தான் வரும். புது வண்டிகளின் இன்ஜின் சத்தமே கேட்காததால் இது நடக்கிறது. ஒருதரம் நடந்தால் பெரிய பாதிப்பில்லை.

தினமும் வந்தால் முதலில் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிடச் சிக்கலானது, நாலு நாள் நன்றாக எடுத்து ஐந்தாம் நாள் கர்ர் என்பது. இன்ஜினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்பதில்லை. உள்ளே காற்றை அழுத்துகிற பிஸ்டன் எதிர்த்துத் தள்ளுவதால் நாலு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் வந்து நிற்கும். அதனால் பல் வளையத்தில் எப்போதும் அதே பற்கள்தான் கடி வாங்கித் தேயும். வண்டி அந்த இடத்தில் நின்ற அன்று கர்ர், தள்ளி நின்ற அன்று சத்தமில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கர்ர் என்றதும் சாவியை அணைத்துவிடுங்கள். கியர் வண்டியை நாலாவது கியரில் போட்டு ஓரடி முன்னால் தள்ளுங்கள். உள்ளே ஃப்ளைவீல் கொஞ்சம் நகர்ந்துவிடும். நியூட்ரலுக்கு வந்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். இப்போது சுத்தமாக எடுத்தால் பல் வளையம்தான் போயிருக்கிறது. அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்த இறக்கி ஏற்றுவதற்கே போவதால், கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்ஜின் எடுத்த பிறகும் "கீஈஈ" என்ற உச்சக் குரல் நிற்கவே இல்லை என்றால் செல்ஃப் விடாமல் கடித்துக்கொண்டே இருக்கிறது. உடனே அணையுங்கள். அணைத்தும் நிற்காவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரலாம் என்று நினைக்க வேண்டாம், மோட்டார் எரிந்துவிடும். சாவி ஸ்விட்ச் திரும்பி வராமல் சிக்குவது, ரிலே ஒட்டிக்கொள்வது, சாலினாய்டு ஒட்டிக்கொள்வது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

"விர்ர்ர்" என்று சுற்றுகிறது, எடுக்கவில்லை

இது இரண்டு வகை. ஒன்றில் செல்ஃப் மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை. பெண்டிக்ஸ் வழுக்குகிறது, சின்ன செலவு. இன்னொன்றில் இன்ஜினே வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது. நல்ல இன்ஜின் சுற்றும்போது "ருக்-ருக்-ருக்" என்று ஒரு தாளம் இருக்கும். அந்தத் தாளம் காணாமல் ஒரே வழவழப்பாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் (சில இன்ஜின்களில் டைமிங் செயினுக்குப் பதில் இருப்பது) அறுந்திருக்கலாம். எது என்று தெரிய, செல்ஃப் அடிக்கும்போது ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் நிற்கிறது என்றால் முதல் வகை. சுற்றுகிறது என்றால் இரண்டாவது. அப்படியானால் இன்னொரு தடவைகூட அடிக்காதீர்கள். பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எடுத்ததும் "கீச்ச்"

பெல்ட். ராத்திரி மழை பெய்திருந்தால் ஈரம் காய்ந்ததும் நின்றுவிடும், விடுங்கள். காய்ந்த நாளிலும் வந்தால் ஓடும் பெல்ட்டின் கோடு போட்ட பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கூடினால் டென்ஷன் போதவில்லை. பெல்ட்டுக்குச் சோப்பு தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பதெல்லாம் சாயங்காலம் வரை தாங்கும். பெல்ட் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கசிவை நிறுத்தாமல் புது பெல்ட் போட்டுப் பிரயோஜனமில்லை.

"டிக்டிக்", "கலகல": ஆயில் சம்பந்தப்பட்ட சத்தங்கள்

காலையில் எடுத்ததும் இரண்டு மூன்று நொடி இன்ஜினின் தலைப்பக்கம் டிக்டிக் என்று கேட்டு மறைவது பல வண்டிகளில் சகஜம். ராத்திரி முழுக்க ஆயில் கீழே வடிந்திருக்கும், பம்ப் அதை மேலே ஏற்றும் வரை வால்வுகளைத் தள்ளும் டேப்பெட் சத்தம் போடும். மூன்று நொடி என்பது பத்து நொடியாக நீளும்போதுதான் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் குறைந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சிவப்பு ஆயில் விளக்கு ஸ்டார்ட் ஆகி சில நொடிக்குள் அணையவில்லை என்றால் சத்தம் இருக்கிறதோ இல்லையோ, இன்ஜினை அணையுங்கள்.

ஆயில் அளவு சரி, சத்தம் மட்டும் சர்வீஸுக்குப் பிறகு புதிதாக வந்தது என்றால் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். மலிவு ஃபில்டரில் அது இருக்காது, அல்லது இருந்தும் உதவாது. அடுத்தது ஆயிலின் கிரேடு. "நம்முளது வெயில் ஊருங்க, கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்குத் தெம்பு" என்று சொல்லி 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினுக்கு 20டபிள்யூ-40 ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரூர் வெயிலில்கூட விடியற்காலையில் இன்ஜின் குளிர்ந்துதான் கிடக்கும். வால்பாறை, ஊட்டிக்குப் போய் ராத்திரி தங்கினால் கேட்கவே வேண்டாம். கெட்டி ஆயில் மேலே ஏற நேரமாகும், அத்தனை நேரமும் இரும்போடு இரும்பு உரசும். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடை ஊற்றுங்கள், மேனுவல் போட்டவர்கள் வெயிலையும் கணக்கில் எடுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். மாருதி 800, ஆம்னி மாதிரிப் பழைய வண்டி என்றால் டேப்பெட் இடைவெளியைக் கையால் சரிசெய்துவிடலாம், அரைநாள் வேலை.

இனி கலகல. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினது மாதிரி, இன்ஜினின் பெல்ட் பக்கத்து ஓரத்தில், எடுத்த முதல் ஓரிரு நொடி மட்டும் வருவது. டைமிங் செயின் தளர்ந்திருப்பதற்கான முதல் தகவல் அது. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அழுத்தம் வரும் வரை செயின் ஆடும். ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டியில் செயினும் தேய்ந்து நீளும். பல கம்பெனி கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் பெல்ட் இல்லை, செயின்தான். செயின் வண்டிக்கு மாற்றுகிற வேலையே இல்லை என்று விற்கும்போது சொல்வார்கள். காலத்தில் ஆயில் மாற்றுகிறவருக்குத்தான் அந்தச் சலுகை.

இந்தச் சத்தத்தில் டீசல்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரியோடு வளர்ந்தவர்களுக்கு "டீசல்னா அப்படித்தானுங்க இருக்கும்" என்று ஒரு சமாதானம் தயாராக இருக்கும். குளிர்ந்த டீசல் எடுத்ததும் கொஞ்சம் கடுமையாகத் தட்டும்தான். ஆனால் அது இன்ஜின் முழுக்கப் பரவலாக, சீராகக் கேட்கும், சூடேறச் சூடேறக் குறையும். செயின் சத்தம் ஒரே ஓரத்திலிருந்து வரும். பனிக் காலத்தில் தட்டலோடு வெள்ளைப் புகையும் சேர்ந்தால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். வெயிலிலும் ஒரே சிலிண்டர் மட்டும் தனியாகத் தட்டினால் இன்ஜெக்டர் சோதனைக்குப் போக வேண்டும்.

"டமார்", "புர்ர்ர்", "டொம்"

சைலன்சரிலிருந்து டமார் என்று வெடித்தால், எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிகிறது. பிளக், இக்னிஷன் காயிலில் தொடங்குங்கள். கேஸ் கிட் போட்ட வண்டியில் முன்பக்கம் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே வெடித்தால் அந்தக் கிட்டைத் தெரிந்தவரிடம் காட்டும் வரை பெட்ரோலில் ஓட்டுங்கள்.

எடுத்ததும் டிராக்டர் மாதிரி புர்ர் என்றால் சைலன்சர் ஓட்டை. ஊருக்குள் பெயிண்ட் அடிக்காத வேகத்தடைகள் இருக்கும் வரை இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ஓட்டை முன்பக்கம், புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் இருந்தால் புர்ர் வராது, டேப்பெட் மாதிரியே டிக்டிக் வரும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கும். ஆயில் சரியாக இருந்தும் டிக்டிக் போகாத வண்டியில் இதைத் தேடுங்கள். புகை வண்டிக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எடுக்கும்போதும் அணைக்கும்போதும் "டொம்" என்று வண்டியே ஒரு குலுக்கு குலுக்கினால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கும்.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டி

கோவையில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலத்தடியில் தண்ணீர் நின்றுவிடும். அதில் இறங்கி வண்டி நின்றுபோனால், மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. செல்ஃப் அடித்தால் "டொக்" என்று ஒரு அடி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றி ஆயிலை மாற்றினால் பிழைத்திருக்கும் இன்ஜின், அந்த ஒரு அடியில் முழுசாகப் பிரிக்கும் வேலைக்குப் போகும். இறங்கித் தள்ளிக் கரையேற்றி, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டபின் செல்ஃப் அடித்ததால் வந்த சேதத்துக்கு இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு தனியாக எடுக்காதவர்களுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

காலைச் சத்தம் மத்தியானம் வராது. வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவந்து, சூடான இன்ஜினை மெக்கானிக் முன் ஸ்டார்ட் செய்து காட்டினால் அவர் என்னத்தைக் கேட்பார்? விடியற்காலையில் பானெட்டைத் திறந்து வைத்து, சாவி திருப்புவதற்கு முன்பிருந்தே போனில் வீடியோ எடுங்கள், எந்த நொடியில் சத்தம் வருகிறது என்பது அதில் பதிவாகும். அதிலும் பிடிபடாவிட்டால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டு, சாவியைக் கொடுத்து, "காலைல நீங்க வந்து முதல்ல எடுக்கிறப்ப கேளுங்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.